உள்ளே எறிதல்

எங்கள் ஆஸ்பத்திரியில் ஊசி போடத் தெரிந்தவர் ஒருவர்தான் என்று சொன்னால் மற்ற நர்ஸுகள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். போடத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். வலிக்காமல் போடத் தெரிந்தவர் ஒருவர். பத்தொன்பது வருஷமாக ஊசி அறையிலேயே நின்ற அவரை, டாக்டர் முதல் தரை துடைப்பவர் வரை எல்லோரும் வலிக்காத அக்கா என்றே கூப்பிட்டார்கள். சம்பளப் பட்டியலில் அவருக்கு வேறொரு பெயர் இருக்கிறது. அதைப் படித்தால் இது யார் என்று எனக்கே ஒரு நிமிஷம் பிடிபடாது. நான் அதே தாழ்வாரத்தில் எதிர்ப்பக்கம், மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவன். நடந்த கூத்தில் எனக்கும் பங்கு உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கூத்து ஆரம்பித்தது ஓர் அதிகாரியின் வருகையில். மேலிடத்திலிருந்து பார்வையிட வந்தவர், ஒரு கதவின் மேலிருந்த ஸ்டெரிலைசேஷன் என்ற பலகையைப் பார்த்து, அதற்கு என்ன அர்த்தம் என்று அங்கே நின்ற நர்ஸைக் கேட்டார். அந்தப் பெண் கருவிகளை எத்தனை நிமிஷம், எவ்வளவு சூட்டில் வைப்போம் என்று விளக்கமாகச் சொன்னாள். எப்படிச் செய்கிறாய் என்று நான் கேட்கவில்லை, சொல்லின் வேர் என்ன என்று கேட்டேன் என்றார் அவர். அவருக்கும் அது தெரியாது. ஆனால் அதற்கு முந்தின வாரம்தான் இரண்டு நாள் கருத்தரங்கு ஒன்றுக்குப் போய் வந்திருந்தார்.

மூன்றே மாதத்தில் எங்கள் வளாகத்தில் வேர்ச்சொல் தகுதி மையம் திறக்கப்பட்டது. குழந்தைகள் பிரிவுக்கென்று கட்டிய புதுக் கட்டடம் சும்மாதானே இருக்கிறது என்று அதிலேயே வைத்துவிட்டார்கள். குழந்தைகள் பழைய இடத்திலேயே, ஒரு கட்டிலுக்கு இருவராக இருந்துகொண்டார்கள். மையத்தின் கொள்கையை வாசலில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள்: ஆங்கிலச் சொற்கள் பல, ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. வேர் தெரிந்தால் நூறு சொல் தெரியும். நூறு சொல் தெரிந்தால் வேலை தெரியும். இதில் முதல் வரி உண்மை. இரண்டாவது வரி பாதி உண்மை. நிதி ஒதுக்கியது மூன்றாவது வரிக்கு.

மையத்தின் இயக்குநர் ஒல்லியான, சுத்தமான மனிதர். கதவுக் கைப்பிடியைக்கூடக் கைக்குட்டையால் பிடித்துத்தான் திறப்பார். ஊழியர்கள் அவருக்கு வேர்க்கடலை என்று பெயர் வைத்தார்கள். மாதத்துக்கு ஒரு வேர் என்பது அவருடைய திட்டம். மாத ஆரம்பத்தில் வகுப்பு, மாதக் கடைசியில் தேர்வு. நாற்பதுக்குக் குறைவாக வாங்குகிறவர், அந்த வேர் அடங்கிய பெயருள்ள எந்த வேலையையும் தொடக் கூடாது. அந்த வேர் மறுபடி சுற்றி வர ஒரு வருஷம் ஆகும். அதுவரை, அதிக மதிப்பெண் எடுத்தவர் அந்த வேலையைப் பார்ப்பார். இதுதான் ஏழாம் விதி.

முதல் மாதம் ‘போர்ட்’ வந்தது. சுமத்தல் என்று பொருள். ஸ்ட்ரெச்சர் தள்ளும் இரண்டு பேரிடமும் போர்ட்டர் என்றால் என்ன என்று கேட்டிருந்தார்கள். இருவரும் ‘நாங்கள்தான்’ என்று எழுதிவிட்டுச் சீக்கிரம் எழுந்து போனார்கள். தேறவில்லை. கணக்குப் பிரிவில் தேறிய இருவர் ஸ்ட்ரெச்சரைப் பிடித்தார்கள். எக்ஸ்ரேவுக்குப் போக வேண்டிய ஒரு பெரியவர் மூன்று முறை கேன்டீனுக்குப் போய்ச் சேர்ந்தார். இரண்டாம் மாதம் ‘ஸ்பெக்ட்’, பார்த்தல். கண் டாக்டருக்கு முப்பத்தாறு. கண்ணாடி எழுதிக் கொடுக்கும் உரிமை நூலகருக்குப் போனது. அவர் நல்லவர், எல்லோருக்கும் தன்னுடைய கண்ணாடியின் பவரையே எழுதிக் கொடுத்தார்.

மூன்றாம் மாதம் ‘ஜெக்ட்’ வந்தது.

ஊசிக்கு வந்தவர்கள் தாழ்வாரத்தில் காத்திருக்க, நாங்கள் எழுபது பேர் ஏ.சி. கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். இயக்குநரின் கையில் ஒரு டென்னிஸ் பந்து. ஜெக்ட் என்றால் எறிதல் என்று சொல்லி எறிந்தே காட்டினார். பின்னே எறிந்தால் ரிஜெக்ட். முன்னே எறிந்தால் ப்ராஜெக்ட். வெளியே எறிந்தால் இஜெக்ட். கீழே எறிந்தால் சப்ஜெக்ட். எதிரே எறிந்தால் அப்ஜெக்ட், அதன் தம்பி அப்ஜெக்ஷன். கீழே எறிந்த பந்து எகிறிப் போய்ப் பெரிய டாக்டரின் டீயில் விழுந்தது. கை தட்டினோம். உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த அரை மணி நேரம் பிடித்திருந்தது. இத்தனை வருஷமாகத் தனித்தனியே பார்த்த வார்த்தைகள் ஒரே வீட்டு அண்ணன் தம்பி என்று தெரிய வந்தால் யாருக்குத்தான் பிடிக்காது? அந்த மனுஷர் அத்தோடு நிறுத்தியிருந்தால் நான் ஆயுளுக்கும் அவர் கட்சியில் இருந்திருப்பேன்.

கடைசியாகப் பலகையில் இன்ஜெக்ஷன் என்று எழுதி, உள்ளே எறிதல் என்றார். எங்கள் அக்கா கையைத் தூக்கினார்.

“சார், ஊசியை எறியக் கூடாதுங்களே. மருந்தை மெதுவா ஏத்தணும். வேகமா ஏத்துனாத்தான் வலிக்கும்.”

இயக்குநர் புன்னகைத்தார். “அம்மா, நீங்க சொல்றது வேலை. நான் சொல்றது பொருள். வேலை ஆளுக்கு ஆள் மாறும், பொருள் மாறாது. நான் இதுவரைக்கும் ஒருத்தருக்குக்கூட ஊசி போட்டதில்லை. அதனாலதான் இதை என்னால நடுநிலையோட சொல்ல முடியுது.”

அக்கா உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து மாதக் கடைசி வரை அவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. அவருடைய கணவர் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருக்கும் டெய்லர். மதியம் சாப்பாடு கொண்டுவரும்போது என் ஜன்னலில் நின்று இரண்டு வார்த்தை பேசுவார். ராத்திரி சாப்பிட்ட பிறகு நூல்கண்டுகளை நாலு பக்கமும் எறிந்து இரண்டு பேரும் பாடம் படிப்பதாகச் சொன்னார். அவருக்கு எல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது. அவரை யாரும் தேர்வுக்குக் கூப்பிடவில்லை. மனைவிக்கு மற்றதெல்லாம் ஒருவாறு வருகிறது, ஊசி என்ற இடத்துக்கு வந்தால் மட்டும் கையை நூல்கண்டோடு அப்படியே மடியில் வைத்துக்கொண்டு விடுகிறாள் என்று வருத்தப்பட்டார்.

தேர்வு நடந்தது. பதிவேட்டு அறை எழுத்தர் தொண்ணூற்றேழு வாங்கி முதலிடம். எதைக் கொடுத்தாலும் நெட்டுருப் போடும் மனிதர். ரத்தம் என்ற வார்த்தையை எழுத்தில் பார்த்தாலே நாற்காலியைப் பிடித்துக்கொள்வார் என்பதால்தான் பதிவேட்டு அறையில் வைத்திருந்தார்கள். எனக்கு எண்பத்து நாலு. எண்பதைத் தாண்டியவர்கள் மற்றவர்களின் தாளைத் திருத்த வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. தாளில் பெயர் கிடையாது. இருந்தாலும் தினமும் எத்தனையோ சீட்டுகளில் பார்த்த கையெழுத்து எனக்குத் தெரியாதா?

இன்ஜெக்ஷன், பொருள் தருக, ஐந்து மதிப்பெண். அக்கா ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தார். முதலில் பெயர் கேட்க வேண்டும். முன்பு ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதா என்று விசாரிக்க வேண்டும். மருந்தின் தேதியைப் பார்க்க வேண்டும். தசையைத் தளர்த்தச் சொல்ல வேண்டும். குழந்தையாக இருந்தால் ஊசியைக் காட்டக் கூடாது, ஆனால் ஊசி இல்லை என்று பொய்யும் சொல்லக் கூடாது. போட்ட பிறகு பத்து நிமிஷம் உட்கார வைக்க வேண்டும். வீட்டில் எறிந்து படித்ததெல்லாம் பேனா பிடித்ததும் மறந்துவிட்டது போலும், ரிஜெக்ட் என்பதற்கு, தேதி முடிந்த மருந்தை ஒதுக்குவது என்று இருந்தது. அப்ஜெக்ஷன் என்பதற்கு, நோயாளி வேண்டாம் என்றால் நிறுத்திக் காரணம் கேட்பது என்று இருந்தது.

விடைக்குறிப்பில் ஒவ்வொன்றுக்கும் இரண்டே வார்த்தை. இந்த ஒன்றரைப் பக்கத்துக்கு அரை மதிப்பெண்ணாவது போடலாமா என்று இயக்குநரிடம் போய்க் கேட்டேன். அவர் தாளை வாங்கிப் பொறுமையாகப் படித்துவிட்டு, இதில் எறிதல் எங்கே இருக்கிறது என்றார். நானும் ஒரு முறை தேடிப் பார்த்தேன். எங்கும் இல்லை. சிவப்புப் பேனாவால் குறுக்கே கோடு போட்டேன். வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள், வேலை போய்விடும் என்று காரணம் சொல்லலாம்தான். அதெல்லாம் இல்லை, பயந்துதான் போட்டேன்.

அக்காவுக்குப் பதினொன்று. மற்ற நர்ஸுகளுக்கும் அதே கதிதான். எல்லோரும் ஊசி போடுவது என்றே எழுதியிருந்தார்கள். புதிதாக வந்த சின்ன டாக்டர் தேர்வே எழுதவில்லை. எழுதாதவர் தேறாதவரே என்று ஒரு குறிப்பு வந்தது. ஏழாம் விதிப்படி பதிவேட்டு எழுத்தரை ஊசி அறையிலும், வலிக்காத அக்காவைப் பதிவேட்டு அறையிலும் போட்டார்கள்.

எழுத்தர் முதல் நாள் ஊசி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டவர், மதியம் வரை திறக்கவில்லை. பிறகு திறந்தார். வருகிறவர்களை எதிரே உட்கார வைத்து வேரை விளக்குவார், ஒரு சீட்டில் மாத்திரை எழுதி என்னிடம் அனுப்புவார். ஊசி என்ற பேச்சே இல்லை. நாலு நாளில் கூட்டம் குறைந்தது, பத்தாம் நாள் நின்றே போனது. ஊசி வலிக்கிறது என்ற புகார் அந்த மாதம் ஒன்றுகூட இல்லை. மையத்தின் அறிக்கையில் இதைத் தனிப் பக்கத்தில், வரைபடத்தோடு போட்டிருந்தார்கள்.

அக்காவைத் தேடிப் பழைய நோயாளிகள் பதிவேட்டு அறைக்கே போனார்கள். தினம் ஊசி போட்டுக்கொண்டே தீர வேண்டியவர்கள் அவர்கள். அக்கா அலமாரிகளுக்கு நடுவில் நின்று, எனக்கு அனுமதி இல்லை என்று ஒவ்வொருவரிடமும் சொல்லி அனுப்பினார். பத்தொன்பது வருஷ சர்வீஸ். உத்தரவை மீறினால் அத்தனையும் போய்விடும் என்று அவருக்குப் பயம். ஒரு நாள் அங்கே ஒரு பழைய கோப்பு எடுக்கப் போனேன். அவர் வலது கையை மேசைமேல் வைத்து, அது யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கோப்பை எடுக்காமலே திரும்பி வந்துவிட்டேன்.

சும்மா இருக்கக் கூடாது என்று எழுத்தரும் நானும் யோசனை சொல்ல, அக்கா இடமாற்றத்தை எதிர்த்து மனு கொடுத்தார். மனு மறுநாளே திரும்பி வந்தது. எதிர்ப்பு மனு என்பது அப்ஜெக்ஷன். அது ஜெக்ட் வேரைச் சேர்ந்தது. மனுதாரர் ஜெக்டில் தேறாதவர். ஆகவே அவருக்கு எதிர்ப்புத் தெரிவிக்கத் தகுதி இல்லை. சரி, தொண்ணூற்றேழு வாங்கியவர் தெரிவிக்கலாமே என்று எழுத்தரே தன் பெயரில் கொடுத்தார். பாவம், அவருக்கும் அந்த அறையை விட்டு ஓடினால் போதும். மனு பெரிய டாக்டரின் மேசைக்குப் போனது. அவர் அதை ஏற்கவும் பயந்தார், நிராகரிக்கவும் முடியவில்லை. நிராகரிப்பது ரிஜெக்ட். அவர் ஜெக்டில் வாங்கியது முப்பத்தொன்று. ஒரு மாதம் அந்தத் தாள் அவர் மேசையில் தண்ணீர்க் குவளைக்கு அடியில் இருந்தது.

இடையில் ஒரு வேர் வந்து போய், அதற்கடுத்த வேருக்கான வகுப்பு நாள் வந்தது. கூடத்தில் இயக்குநர் பேசிக்கொண்டிருந்தார். அவருடைய டிரைவர் வெளியே மரத்தடியில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, கிளையிலிருந்த தேன்கூடு கலைந்து நாலைந்து தேனீக்கள் கழுத்தில் கொட்டிவிட்டன. சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது. ஐந்து நிமிஷத்தில் முகம் வீங்கி, தொண்டை அடைத்து, மூச்சுக்குத் தவித்தபடி தாழ்வாரத்தில் வந்து விழுந்தார். ஜன்னல், ஊசி அறை, பதிவேட்டு அறை மூன்றிலும் ஆள் இருக்க வேண்டும் என்று அந்த முறை எங்களை வகுப்புக்குக் கூப்பிடவில்லை. ஓடி வந்த சின்ன டாக்டர் டிரைவரின் தலையைத் தாங்கிக் ஆக்ஸிஜன் மாஸ்க்கை முகத்தில் அழுத்திக்கொண்டே மருந்தின் பெயரைக் கத்தி, தொடையில் உடனே போடுங்கள் என்றார். எழுத்தர் ஊசி அறை வாசலில் நின்று அந்த வீங்கின முகத்தைப் பார்த்தார். அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தார்.

பதிவேட்டு அறைக் கதவு திறந்ததை நான் பார்க்கவில்லை. என் ஜன்னலுக்குள் ஒரு கை நீண்டதைத்தான் பார்த்தேன். தகுதிச் சீட்டு இல்லாமல் யாருக்கும் ஊசி மருந்து தரக் கூடாது என்ற சுற்றறிக்கை என் தலைக்கு மேலேதான் ஒட்டியிருந்தது. மருந்தையும் ஊசியையும் அந்தக் கையில் வைத்தேன். மூன்று நிமிஷத்தில் டிரைவரின் மூச்சு சீராக ஆரம்பித்தது. அக்கா அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, பத்து நிமிஷம் அவர் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

மறுநாளே அக்கா மேல் விசாரணை. இயக்குநர் தலைவர், பெரிய டாக்டர் உறுப்பினர், குறிப்பெடுக்க நான். சீட்டில்லாமல் மருந்தை எடுத்துக் கொடுத்தது யார் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. அதற்கு முன்பே தாழ்வாரத்தில் பெரிய டாக்டர் எங்களைத் தனியே கூப்பிட்டு, பத்தொன்பதாம் விதி ஒன்று இருக்கிறது என்று காதோடு சொன்னார். குற்றம் சாட்டப்பட்டவர் குழுவின் முன்னால் சொல்லின் பொருளைச் சரியாகச் சொல்லிவிட்டால் அந்த நிமிஷத்திலிருந்து தேறியவராகக் கருதப்படுவார். இரண்டே வார்த்தை, சொல்லிவிடுங்கள் என்று எழுத்தர் அக்காவிடம் கெஞ்சினார். நானும் கெஞ்சினேன்.

“இத்தனை வருஷத்துல ஒருத்தர் மேலயும் எறிஞ்சதில்ல,” என்றார் அக்கா. “அதை என் வாயால எப்படிச் சொல்றது?”

உள்ளே இயக்குநர் நிதானமாகப் பேசினார். “என் டிரைவர் உயிரோட இருக்கறதுல எனக்கு ரொம்ப சந்தோஷம். நேத்து அவரே காரை ஓட்டலேன்னா நான் வீட்டுக்கு நடந்துதான் போயிருக்கணும். ஆனா ஒருத்தர் பொழைச்சாரா இல்லையாங்கறது இந்தக் குழுவோட வேலை இல்ல. பொருள் தெரியாத ஒருத்தர் பொழைக்க வச்சுட்டாங்க, அதுதான் பிரச்சினை. இதை விட்டுட்டா நாளைக்கு எல்லாரும் பொருள் தெரியாமலே பொழைக்க வைக்க ஆரம்பிச்சுடுவாங்க. அப்புறம் இந்த மையம் எதுக்கு?”

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு நாக்கு துடித்தது. குறிப்பெடுக்கிறவன் பேசக் கூடாது என்பதால் அந்தக் கேள்வியை அப்படியே எழுதிக்கொண்டேன்.

பெரிய டாக்டர் பத்தொன்பதாம் விதியை எடுத்துப் படித்தார். இயக்குநர் தலையை ஆட்டிவிட்டு, இன்ஜெக்ஷன் என்றால் என்ன என்று கேட்டார். அக்கா எங்களைத் தாண்டித் திறந்திருந்த கதவைப் பார்த்தார். தாழ்வாரத்தில், பூட்டியிருந்த ஊசி அறை முன்னால் ஓர் அம்மா தடுப்பூசி அட்டையும் கையுமாக நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை. போன வாரமும் வந்து திரும்பிப் போனவள் அவள்.

“உள்ளே எறிதல்,” என்றார் அக்கா.

“பாத்தீங்களா, எவ்வளவு சுலபம்,” என்று இயக்குநர் எழுந்து நின்று கை தட்டினார். பெரிய டாக்டரும் தட்டினார். எனக்கு மட்டும் அழுகையாக வந்தது. தப்பே செய்யாத ஒருவரைத் தப்பு என்று ஒப்புக்கொள்ள வைத்துவிட்டு, அதற்கு நாங்கள் கை தட்டுகிறோம்.

இயக்குநர் அத்தோடு விடுவாரா? உத்தரவை அவரே சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். மேற்படி ஊழியருக்குச் சொல்லின் பொருள் தெரிய வந்தது இன்று காலை பதினொன்று நாற்பதுக்கு. அதற்கு முந்தின பத்தொன்பது ஆண்டுகளும் பொருள் தெரியாமல் செய்த வேலை. ஆகவே அவை சர்வீஸில் சேராது. இன்றைய தேதியே பணியில் சேர்ந்த தேதி. முதல் ஆறு மாதம் பயிற்சிக் காலம். எழுத்தர் மேற்பார்வை பார்த்துக் கையெழுத்திடுவார். உத்தரவுப் படிவத்தில் ஓய்வு பெறும் தேதி என்று ஒரு கட்டம் இருந்தது. சேர்ந்த தேதியிலிருந்து முப்பது வருஷம் என்பது படிவத்தின் கணக்கு. இயக்குநர் படிவத்தை மீறுகிற ஆள் இல்லை. முப்பதைக் கூட்டி நிரப்பச் சொன்னார், நிரப்பினேன். இரண்டு பேர் கையெழுத்து, மூன்று முத்திரை.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நான் ஊசி அறைக்குப் போனபோது எழுத்தர் ஏற்கெனவே நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு மேற்பார்வையை ஆரம்பித்திருந்தார். அக்கா கை கழுவிக்கொண்டிருந்தார். அன்று தாளைத் திருத்தியது நான்தான் என்பதைச் சொன்னேன். தெரியும், கோடு கோணலாக இருந்தது என்றார். கையைத் துடைத்துக்கொண்டு உத்தரவை வாங்கி நின்றபடியே படித்தார். பத்தொன்பது வருஷம் காணாமல் போன வரியில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கடைசிக் கட்டத்துக்கு வந்து, விரல் விட்டு எண்ணினார்.

“இன்னும் முப்பது வருஷமா?” என்றார். “அப்போ எனக்கு எழுபத்தாறு வயசு ஆகுற வரைக்கும் இந்த ரூமை விட்டு என்னை யாரும் கிளப்ப முடியாது. கையெழுத்துப் போட்டவங்க எல்லாரும் அதுக்குள்ள ரிட்டயர் ஆயிடுவாங்க.”

தாளை நாலாக மடித்து மருந்துப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டு, வாசலில் நின்ற அம்மாவை உள்ளே வரச் சொன்னார். குழந்தையை மடியில் உட்கார்த்திக்கொள்ளச் சொல்லி, அதன் பெயரைக் கேட்டார். போன தடவை காய்ச்சல் வந்ததா என்று கேட்டார். கொஞ்சமா இருக்கும் கண்ணு, சீக்கிரம் ஆயிடும் என்று குழந்தையிடம் சொன்னார். குழந்தை அழுவதற்குத் தயாராக வாயைப் பெரிதாகத் திறந்தது. அதற்குள் அக்கா பஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார். எப்போது அழ வேண்டும் என்று தெரியாமல், திறந்த வாயோடு அது அம்மாவைத் திரும்பிப் பார்த்தது.